உலையில் இன்னொரு பிடி

ஜெபம் முடிவதற்கு முன்பே கெசியா ஆமென் சொல்லிவிடுவாள். குருவானவர் ஊருக்கும் உலகத்துக்குமாக வேண்டி முடித்து, அப்போதுதான் நோயாளிகளின் பெயர்களுக்கு வந்திருப்பார். பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து அவள் குரல் மட்டும் தனியாக எழும். அதை நம்பிக் கண்ணைத் திறந்து, பாதி எழுந்து, வெட்கப்பட்டு மறுபடி உட்கார்ந்தவர்கள் உண்டு. ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், "அவியளுக்கு நேரம் இருக்கு. எனக்கு முட்டி இருக்கு" என்பாள்.

எழுபதைத் தாண்டிவிட்டது. கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆழ்வார்குறிச்சி போகும் சாலையிலிருந்து ஆற்றுப்பக்கம் இறங்கும் தெருவில் ஓட்டு வீடு, பின்னால் நாலைந்து வெள்ளாடு. ஆட்டுக்குக் குழை ஒடிக்கக் கிளம்பினால் தெருவே அவள் வாய்க்குப் பயந்து ஒதுங்கும். அந்த வாயைப் பற்றி அவளுக்கும் பெருமை கிடையாது. "ஆண்டவரு எனக்குக் குடுத்ததுல இது ஒண்ணுதான் ஒழுங்கா வேல செய்யுது. கண்ணு, காலு எல்லாம் லீவு போட்டாச்சு. இதையும் ஒரு நா சும்மா இரின்னு சொல்லிப் பாத்தேன். நான் சொன்னா நானே கேக்க மாட்டேங்கேன்."

கோயிலுக்குப் பாட்டுப் புத்தகம் கொண்டு போவதில்லை. "எனக்கு எழுத்து தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். அதையும் தூக்கிச் சொமந்து யார ஏமாத்த?" ஒவ்வோர் அடியிலும் கடைசி வார்த்தையை மட்டும் எட்டிப் பிடித்து மற்றவர்கள் விட்ட பிறகும் இழுத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இருப்பவள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவாள். அதையும் கெசியாவேதான் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆமென் அவசரம் மட்டும் கோயிலில் பழகியதில்லை. எலியேசர் உபதேசியாரிடம் பழகியது.

குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து போகிற சின்னச் சபை அது. மற்ற நாளெல்லாம் மணியடிப்பது, ஜெபம் நடத்துவது, பிறப்புக்கும் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பது எல்லாம் உபதேசியார்தான். சைக்கிள் கம்பியில் மஞ்சள் பை, பைக்குள் வேதப்புத்தகம். மழைக்காலத்தில் பைக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார். ஆள் நனைந்துகொண்டு வருவார். பெரிய படிப்பாளி இல்லை. எந்த வசனத்தில் தொடங்கினாலும் அவர் பிரசங்கம் சோற்றுப்பானையில்தான் வந்து நிற்கும்.

"உபதேசியாரே, ஒமக்கு வேற பிரசங்கமே தெரியாதாவே?" என்று கெசியா ஒருமுறை கேட்டாள்.

"இன்னொண்ணு தெரியும்மா. அது எனக்கே வெளங்கல."

மாதம் ஒருமுறை வீட்டு ஜெபத்துக்கு வருவார். கெசியா அடுப்பை அணைக்க மாட்டாள். அவர் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "ஆண்டவரே, கெசியாம்மா வீட்டு ஆடு நொண்டுது. செவலை ஆடு. முன்னங்காலு. அதுல இடது காலு." கடவுள் தவறிப்போய் வேறு காலைக் குணமாக்கிவிடக் கூடாது என்கிற கவலை அந்தக் குரலில் தெரியும்.

"போதும்வே. அவருக்குக் கண்ணு இல்லியா? பாலு பொங்குது. ஆமென்."

"பால எறக்கிட்டு வாங்கம்மா. நான் இங்கனயே நிக்கேன்."

கண்ணைத் திறக்காமல் காத்திருப்பார். அவள் வந்ததும் அதே இடது காலிலிருந்து தொடங்குவார்.

அந்தச் சபைப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உலைக்கு அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். கெசியா வீட்டில் அதற்கென்று ஒரு தூக்குச்சட்டி ஆணியில் தொங்கும். ஆனால் வீட்டை விட்டுப் போனவருக்காகவோ ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்காகவோ ஜெபித்த நாளில் உபதேசியார் அந்தப் பழக்கத்தைத் திருப்பிப் போட்டுவிடுவார். "இன்னைக்குக் கோயிலுக்கு எடுக்க வேண்டாம்மா. உலையில ஒரு பிடி கூடப் போடுங்க. வாறவுகளுக்குச் சோறு வேணும்லா."

கேட்டு முடித்த உடனேயே சோறும் ஆக்கிவைத்துவிட வேண்டும். அவருடைய விசுவாசம் அவ்வளவுதான், அதற்கு மேல் தத்துவம் ஒன்றும் கிடையாது. சில வீடுகளில் ஆள் வந்து அந்தச் சோற்றைத் தின்றதும் உண்டு. வராத நாட்களில், "உபதேசியாரு இருக்காருல்லா, வீணாவாது" என்று கெசியா தெருமுனையில் நின்று சொல்வாள். அவர் காதில் விழுகிற மாதிரிதான் சொல்வாள்.

அவள் கணவர் அப்பாத்துரை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உபதேசியார் வந்து ஜெபித்தார். நெஞ்சு, அதில் இடது பக்கம் என்று விவரமாகத்தான் கேட்டார். அன்றைக்கு கெசியா ஆமென் சொல்ல அவசரப்படவில்லை. பெரிய பானையை அடுப்பில் ஏற்றி, ஒரு பிடி கூடவே போட்டாள். சோறு வெந்து வடித்த நேரத்துக்குத்தான் சேதி வந்தது.

அடக்கம் முடிந்து எத்தனையோ பேர் ஆறுதலுக்கு வந்தார்கள். கர்த்தருடைய சித்தம் என்றார் ஒருவர். அவருக்கு நல்ல இடம் என்றார் இன்னொருவர். யாரோ ஊற்றிவைத்த தண்ணீரில் அந்தச் சோறு அடுக்களையில் அப்படியே கிடந்தது. உபதேசியார் உள்ளே வந்து பானையைப் பார்த்தார்.

"எங்கவே ஒம்ம வாறவுக?" என்று கெசியா கேட்டாள்.

"தெரியலம்மா. நான் கேட்டேன். அவரு தரல."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு தட்டு ஒன்றை எடுத்து, பிழிந்து வைத்து, தரையில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றார். உப்புக் கேட்கவில்லை. கண்ணிலிருந்து வடிந்ததே போதுமாயிருந்தது. பானை காலியாகும்வரை தின்றார்.

அந்தப் பெரிய பானையை கெசியா அதற்குப் பிறகு அடுப்பில் ஏற்றவில்லை. வெங்காயம் போட்டுப் பரணில் வைத்துவிட்டாள். தனக்கு ஒரு சின்னச் சட்டி போதும் என்றாள். அடுத்த மாதம் உபதேசியார் வழக்கம்போல் வந்தபோது கதவைச் சாத்தத்தான் எழுந்தாள்; எப்படியோ நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள். "வந்த அத்தன பேரும் எனக்கு வெளக்கம் சொன்னாவ. தெரியலன்னு சொன்ன ஒரே ஆளு அவருதான். அதுக்கு ஒரு டம்ளர் காப்பி குடுக்கலாம்லா?"

உபதேசியார் போன மே மாதம் போய்ச் சேர்ந்தார். நினைவுக் கூட்டத்தில் ஆளுக்கொருவராக எழுந்து அவர் ஜெபத்தால் நடந்ததைச் சாட்சி சொன்னார்கள். ஞாயிறு பள்ளி டெபோரா டீச்சர் மைக்கை கெசியா கையில் கொடுத்துவிட்டார். கெசியா அதை முதலில் காதில் வைத்தாள். பிறகு திருப்பிப் பிடித்து, "என் வீட்டுக்காரரு பங்கத் தின்னுட்டுப் போன மனுசன்" என்றாள். அதோடு உட்கார்ந்துவிட்டாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கோயிலில் ஒருவருக்கும் தெரியவில்லை. டீச்சர் சட்டென்று ஒரு பாட்டைத் தொடங்கிவைத்தார்.

"இருந்து இருந்து ஒரு சாட்சி சொன்னேன். அதையும் திட்டு மாதிரி சொல்லிட்டு வந்திருக்கேன். எனக்கு மைக்கு ஒரு கேடா?" என்று அவளே அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த மார்கழியில் மழை விடாமல் அடித்தது. ஆறு படித்துறையை மூழ்கடித்து, வாழைக்குள் ஏறி, தெரு முனைக்கு வந்துவிட்டது. கரண்டு இல்லை, போன் இல்லை. மத்தியானம் அடுத்த வீட்டு மஹ்மூதா பீவி முக்காட்டின் மேல் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். கையில் தட்டுப் போட்டு மூடிய தண்ணீர்ச் செம்பு.

மஹ்மூதாவுக்கு ஒரே மகன், ரசீத். சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறான். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை ஏற்றிக்கொண்டு காயல்பட்டினத்துக் கல்யாண வீட்டுக்கு முந்தின நாள் போனவன். வழியில் ஒரு தடவை பேசியிருக்கிறான். அதோடு சரி.

"ஏரல் பக்கம் பாலம் முங்கிட்டுன்னு சொல்லுதாவக்கா. வண்டியெல்லாம் இழுத்துட்டுப் போயிட்டாம்." மஹ்மூதா செம்பை நீட்டினாள். "பள்ளிவாசல்ல அசரத்து இந்தத் தண்ணில ஓதி ஊதித் தந்துட்டாவ. உபதேசியாரு இருந்தா அவியகிட்டயும் கேட்டிருப்பேன். இப்ப ஒங்க பக்கத்துக்கு நீதான இருக்க."

"ஏளா, இது என்ன ரேசன் கடையா, ரெண்டு கார்டுல வாங்கதுக்கு?"

மஹ்மூதா சிரிக்கவில்லை. செம்பை நீட்டிய கையை இறக்கவுமில்லை. கெசியா அதை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது மஹ்மூதா. ஆமென் மட்டுந்தான் தெரியும். அதையும் முன்னகூட்டியே சொல்லிருவேன்."

"ஆமீன நான் சொல்லுதேன். முன்னால உள்ளத நீ சொல்லு."

தட்டிக்கழிக்க வேறு காரணம் அகப்படவில்லை. கெசியா உபதேசியார் உட்காருகிற நாற்காலியைப் பார்த்தாள்; அதில் உட்காரத் துணியாமல், முட்டி இரைய இரையத் தரையில் உட்கார்ந்தாள். செம்பை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, நான் கெசியா. ஒமக்கு என்னத் தெரியாம இருக்காது. உபதேசியாரு மாசாமாசம் சொல்லியிருப்பாரு. அந்த ஆட்டுக்காலு வீடு. இப்ப அந்த ஆடு இல்ல. இவ மவன் ரசீத்து. வெள்ள வண்டி. முன்கண்ணாடில பச்சை எழுத்து எழுதியிருப்பான். பின்னால அப்பளம். அப்பளம் போனாப் போவுது, அத நீரு பாக்க வேண்டாம். பயலப் பாரும். ஒசரமா, கறுப்பா இருப்பான். நெத்தியில ஒரு தழும்பு. எங்க வீட்டு முருங்கையில ஏறி விழுந்தது."

மஹ்மூதா விசும்பினாள். "வலது பக்கம்" என்றாள்.

"வலது பக்கமாம். கேட்டுக்கிடும்." கெசியாவின் குரல் தணிந்தது. "போன தடவ நீரு தரல. நான் இப்ப அத எடுக்க வரல. அத நீரும் நானும் அப்புறம் பேசிக்கிடுவோம். இவளுக்கு இவன் ஒருத்தன்தான். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

இந்தத் தடவை ஆமென் சொல்லவேண்டிய இடம் வந்தும் அவள் சொல்லவில்லை. மஹ்மூதாதான் "ஆமீன்" என்றாள். அதன் பின்னால் நொண்டிக்கொண்டு கெசியாவின் ஆமென் வந்தது.

"ஊதுக்கா" என்று மஹ்மூதா செம்பின் தட்டை எடுத்தாள்.

கெசியா சூடு காப்பியை ஊதுவதுபோல ஊதினாள். தண்ணீர் தெறித்து இருவர் முகத்திலும் விழுந்தது.

"போச்சு. இதுவும் எனக்கு வரல" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மஹ்மூதா செம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழாமல் இருந்தாள். "இனி என்னக்கா செய்யணும்?"

இனி என்ன செய்யவேண்டும் என்பது கெசியாவுக்குத் தெரியும். தெரிந்திருந்ததுதான் தொந்தரவு. எழுந்து அடுக்களைக்குள் போனாள். அடுப்பின் மேல் சின்னச் சட்டி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கூறுகெட்டவளே, ஒருதடவ பட்டது காணாதா ஒனக்கு?" என்று தன்னையே வைதாள். வைதுகொண்டே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மஹ்மூதா ஓடிவந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பரணிலிருந்து பெரிய பானை இறங்கியது. வெங்காயம் அடுக்களை முழுக்க உருண்டது.

பானையைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, அடுப்பில் ஏற்றினாள். ஈர விறகு புகைந்து, இருமி, ஒருவழியாகப் பிடித்தது. உலை கொதித்ததும் தனக்கு அளந்து போட்டாள். மஹ்மூதாவுக்கு அளந்து போட்டாள். பிறகு அரிசி டப்பாவின் அடியில் கையை விட்டுத் துழாவி, இருந்ததை எல்லாம் ஒரு பிடியாக அள்ளினாள். மூடிய கை உலைக்கு மேலே சற்று நின்றது, பிறகு திறந்தது.

மஹ்மூதா எட்டிப் பார்த்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அவனுக்கு ஒரு பிடி காணாதுக்கா. ரெண்டு ஆளு சோறு திம்பான்."

டப்பா காலி. கெசியா நிமிர்ந்து ஆணியைப் பார்த்தாள். கோயிலுக்கென்று சேர்த்த தூக்குச்சட்டியை இறக்கி, மூடியைக் கழற்றி, அளக்காமல் அப்படியே உலையில் கவிழ்த்தாள்.