தவமலர் வீட்டு உலை

குழந்தைகளுக்கென்று அளந்து போட்ட அரிசியின் மேல் தவமலர் இன்னொரு பிடி போடுவார். "ஆரும் வந்திட்டால்?" என்பது அவருடைய நியாயம். டென்மார்க்கின் பிராண்டே ஊரில் முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் வருவதில்லை. ஆனாலும் அந்தப் பிடி விழாமல் அவர் வீட்டு உலை ஒருநாளும் கொதித்ததில்லை.

வேலைக்குப் போகும் பெற்றோர் காலையில் விட்டுப்போகும் குழந்தைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதுதான் அவருடைய தொழில். எல்லாம் பொன்னிறத் தலைகள். சாப்பாடு முடிந்ததும், டெனிஷ்காரர் வழக்கப்படி, அவர்களைத் தள்ளுவண்டிகளில் வெளியே குளிரில் தூங்க வைக்க வேண்டும். அது மட்டும் அவர் மனதுக்கு இன்னும் ஒத்துவரவில்லை. சும்மா சும்மா ஓடிப்போய் மூக்கு நுனிகளைத் தொட்டுப் பார்ப்பார். "ஐஸ் மாதிரிக் கிடக்கு, பாவங்கள்." அவர்களில் மாக்கிரட் என்ற வாயாடிக்குச் சோறும் பருப்பும் கிடைத்தால் போதும், பாண் ரொட்டியைத் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

கணவர் பாலேந்திரா பக்கவாதத்தில் விழுந்ததோடு அவருடைய தொழிற்சாலை வேலையும் போனது. மார்கழியில் ஒருநாள் மகள் சாருஜா சொல்லாமல் வந்து நின்றாள். அந்த ஒரு பிடி அன்று அவளுக்கு உதவியது. குழந்தைகளின் அறை கதகதவென்றிருந்தது. படுக்கையறையிலோ ஹீற்றர் நிறுத்தியிருக்க, அப்பா குளிர்க்கோட்டும் தொப்பியுமாகப் படுத்திருந்தார். வீட்டுக்கடன் கட்ட முடியாமல் போனதால் வங்கி எச்சரித்திருந்த கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. வீடு போனால் தொழிலும் கூடவே போய்விடும்.

"வரிக்கழிவு எடுக்கிறீங்கள்தானே அம்மா?"

தவமலர் தலை குனிந்தார். "பச்சைப் பிள்ளையள் திண்ட சோத்தைச் செலவெண்டு அரசாங்கத்துக்குச் சொல்லுறதோ? நாக்கு அழுகிப்போம்."

சாருஜா டெனிஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தமிழுக்கு வந்தாள். "ஒரு பில்லும் காட்டத் தேவையில்லை அம்மா. வீட்டில பிள்ளை பாக்கிறாக்களுக்கு வருமானத்தில ஒரு பங்கை அப்பிடியே கழிச்சுவிடுவினம். சாப்பாடு, ஹீற்றர், வீட்டுத் தேய்மானம் எல்லாம் அதுக்குள்ள."

"அப்ப இவ்வளவு காலமும் விட்டது?"

"கடைசிச் சில வருசத்துக்குத்தான் கேக்கலாம். மிச்சம் போனது போனதுதான்."

சாருஜாவுக்குத் திட்டத்தான் தோன்றியது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வாய் வராது. அவர் படுக்கையறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, செய் பிள்ளை. ஆருக்கும் சொல்லிப்போடாதை."

வரிக்கழிவுப் பணம் வந்து வீடு இப்போதைக்குத் தப்பியது. ஆனால் அந்தச் 'செலவு' என்ற சொல் அவருக்குள் குடிவந்துவிட்டது. குழந்தை பாலைச் சிந்தினால் முன்பு சிரிப்பார். இப்போது துணியோடு நின்று ஈரத்தையே பார்க்கிறார்.

நேற்றும் அரிசி அளந்து போட்டார். கை பழக்கத்தில் டின்னுக்குள் போய் ஒரு பிடி எடுத்து வந்து, பானைக்கு மேலே நின்றது. மாக்கிரட் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். தவமலர் பிடியை டின்னுக்கே கொண்டுபோய் விரித்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த அரிசியையும் தட்டி உள்ளே விழுத்திவிட்டு, மூடியை இறுக்கினார்.