கண்காட்சியில் பெண் பார்த்தது

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறவன். சிறு வயதில் சீழ் வைத்ததில் என் மகளுக்கு இடது காது போய்விட்டது. முதலில் வந்த பிள்ளை வீட்டார் இதைக் கேட்டதும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் பையன் ஒருவனைத் தரகர் அடுத்துக் கொண்டுவந்தார். “காது சமாச்சாரத்தை இப்ப எடுக்காதீங்க” என்றார். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் திருச்சியில் ஒரு கல்லூரியில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சியில் தற்செயலாகச் சந்திப்பதுபோல ஏற்பாடு.

பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். கயிற்றில் ஆடிய புனல் ஒன்று பலகையில் மணலைக் கொட்டிக் கோலம் போட்டது. மூன்று நிற விளக்குகளின் முன்னால் நின்றால் ஓர் ஆளுக்கு மூன்று நிழல் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசிக் கூடத்தில் குடை அளவுக்குக் குழிந்த இரண்டு தகரத் தட்டுகள், இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. ஒன்றின் முன்னால் மெதுவாகப் பேசினால் மற்றதில் காது வைத்தவருக்கு மட்டும் கேட்குமாம்.

“நீ அங்க போய் நில்லும்மா. நான் பேசறேன்” என்றார் பையனின் அம்மா.

விளக்கம் சொன்ன மாணவன் என் மகளைத் தட்டின் பக்கம் திருப்பி நிறுத்தினான். இடது காதுதான் தட்டுக்கு நேராக இருந்தது. அந்த அம்மா ஏதோ பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மகள் அசையவில்லை.

“என்னம்மா, கேக்கலையா?”

“கூச்சங்க. அப்பா மாதிரி” என்றாள் என் மனைவி அவசரமாக.

“அவங்க பேசட்டும், நான் கேக்கறேன்” என்று பையன் அம்மாவை நகர்த்திவிட்டு நின்றான். என் மகள் தட்டைப் பார்த்துத் திரும்பினாள். உதடு அசைந்தது தெரிந்தது. அவன் தட்டிலிருந்து காதை எடுத்துவிட்டு அவளையே பார்த்தான். சிரிக்கவில்லை. என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அந்த அம்மா மகளின் இடது பக்கம் வந்தார்.

“சமையல்ல என்ன நல்லா செய்வே?”

மகள் நேராகப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டார். மனைவி என் கையைப் பிடித்து நெரித்தாள்.

“அம்மா, இந்தப் பக்கம் வந்து கேளுங்க. அவங்களுக்கு அந்தக் காது கேக்காதாம்” என்றான் பையன்.

“யாரு சொன்னா?”

“அவங்களேதான். அந்தத் தட்டுல.”

அந்த அம்மா நின்று என்னைப் பார்த்தார். “ஏங்க, நீங்க சொல்லியிருக்கலாமே?”

வாயைத் திறந்தேன். பையன்தான் பேசினான்.

“எங்க பட்டறையில பாதிப் பேருக்குக் காது இப்படித்தாம்மா. நம்ம அப்பாகிட்ட நீங்க கத்தித்தானே பேசறீங்க?”

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. மெதுவாக என் மகளுக்குப் பின்னால் சுற்றி, வலது பக்கம் வந்து நின்றார்.

“சமையல்ல என்ன நல்லா செய்வேன்னு கேட்டேன்.”

“வாழைப்பூ வடைங்க” என்றாள் மகள்.

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை, 6-3-1988