அடைப்பு இல்லாத நெஞ்சு

கினுயோவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. ஹிரோஷிமாக் கரையோரம் சிப்பி உடைக்கும் கொட்டகையில், குளிர்காலம் முழுக்க விடியலிலிருந்து நின்றபடியே வேலை. வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. பதினோரு வருடமாக ஊட்டுவதும் துடைப்பதும் கினுயோதான். மருமகளின் கடமையாம். மாமியார் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் யாரும் எந்தக் கடமையும் வைக்கவில்லை.

அன்று மாமியார் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். நாத்தனார் கொட்டகைக்கே வந்து, எல்லாப் பெண்களுக்கும் முன்னால் கத்தினாள்: "எங்கம்மாவ சாகடிக்கப் பாக்குறியாடி?"

கினுயோ இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். நிமிர்ந்தபோது நெஞ்சைப் பிழிந்தெடுத்தது. அப்படியே சிப்பிக் குவியல் மேல் சாய்ந்தாள்.

மருத்துவமனையில் மாரடைப்பு என்றே நினைத்தார்கள். கை நரம்பு வழியாக இதயத்துக்கு மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தால், ரத்தக்குழாயில் எங்கும் அடைப்பு இல்லை.

எங்கள் ஹிரோஷிமாப் பக்கத்தில் டாக்டர் நோயாளியிடம் பேசமாட்டார். குடும்பத்து ஆணைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொல்வார். வலித்தவளுக்குச் சேதி கடைசியில், அதுவும் சலித்தெடுத்துத்தான் வரும்.

கணவர் ததாவோ உள்ளே வந்தார். "அடைப்பு ஒண்ணுமில்லையாம். சும்மா மனக்கவலை. நாளைக்குக் கிளம்பிடலாம். அம்மா என் கையால சாப்பிடவே மாட்டேங்குது."

"வேற என்ன சொன்னாரு?"

"அவ்வளவுதான்."

மறுநாள் காலை டாக்டர் வந்தார். கினுயோ கேள்வி கேட்டதும் அவர் பார்வை ததாவோ பக்கம் போயிற்று.

"அவரைப் பாக்காதீங்க டாக்டர். வலிச்சது எனக்கு."

டாக்டர் கொஞ்சம் தயங்கி, காகிதத்தில் ஓர் இதயம் வரைந்தார். கழுத்துக் குறுகி, கீழ்ப்பாதி உப்பி, ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் மண்ஜாடிபோல இருந்தது.

"இது சும்மா மனக்கவலை இல்லம்மா. பெரிய அதிர்ச்சியில இதயம் இப்படி உப்பிடும். உங்க வயசுப் பெண்களுக்குத்தான் அதிகம். பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிடும். ஆனா இப்போதைக்கு இங்கதான் இருக்கணும், வீட்டுக்குப் போனாலும் ஓய்வு வேணும். நேத்தே இவர்கிட்ட சொன்னேனே."

ததாவோ ஜன்னலைப் பார்த்தார்.

கோபப்படக்கூடக் கினுயோவுக்குத் தெம்பில்லை. "நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

"அப்போ அம்மாவுக்கு யாரு துணி மாத்துறது?"

"உங்க அம்மாதானே. நீங்க மாத்துங்க, இல்ல உங்க தங்கச்சியக் கூப்பிடுங்க. வெந்நீர்ல துடைக்கணும். குளிர்ந்த தண்ணி பட்டா அழுவாங்க."

அவர் கதவுவரை போய்த் திரும்பினார். "எவ்வளவு சூடு?"

கினுயோ கண்களை மூடிக்கொண்டாள்.

"கைய விட்டுப் பாருங்க."