கண்ணாடி வேண்டாம் என்றேன்

மாசி: கிளிநொச்சியில் எங்கள் வீட்டின் கிழக்குப் பக்கத்தில், படுக்கையிலிருந்த மனைவிக்காக வெயில் அறை கட்டத் தொடங்கினோம்.
பங்குனி: கண்ணாடி வேண்டாமென்று வேலையை நிறுத்தினேன்.
சித்திரை: அவள் காலமானாள்.

கண்ணாடி என்றதும், போர்க்காலத்தில் ஷெல் விழுந்து சிதறிய எங்கள் பழைய யன்னல்களே நினைவுக்கு வந்தன. பலகை அடிக்கலாம் என்றேன்.

"பலகையடிச்சா வெயில் எப்பிடி சேர் வரும்? இப்ப ஆர் ஷெல் அடிக்கப் போகினம்?" என்று மேசன் கேட்டார்.

உள்ளே படுத்திருந்த மனைவி சிரித்தாள். "உங்களுக்கு இன்னும் பங்கருக்குள்ளதான் சீவியம். எனக்கு வெயில் வேணுமப்பா."

"அடுத்த கிழமை சொல்லுறன்," என்றேன். ஐந்து வாரங்களாகியும் சொல்லவில்லை. அவளைக் காப்பதாக எண்ணி, அவள் கேட்ட ஒரேயொரு வெயிலை நானே மறைத்துவிட்டேன்.

செய்யாமல் விட்டவை:
கிழக்குச் சுவரில் கண்ணாடிக்கு விட்ட இடைவெளியை அளப்பது.
அவளுடைய சாய்மனைக் கதிரையை அங்கே வைப்பது.
மேசனிடம், "கண்ணாடியே போடுங்கோ" என்று சொல்வது.