அருவருப்பூட்டும் தொழில்

விரிப்பில் காய்ந்து ஒட்டியிருந்ததை அவள் ஒரு இரும்பு அளவுகோலால் வழித்துக்கொண்டிருந்தாள். அளவுகோலைச் சாய்த்துப் பிடித்து, இழை ஓடும் பக்கமாகவே இழுத்து, வழித்ததை வாளியில் தட்டினாள். குறுக்கே இழுத்தால் கறை துணிக்குள் இறங்கிவிடும். முழங்கை வரை ரப்பர் உறை போடுவாள். மூக்கில் மட்டும் எதையும் கட்டமாட்டாள்.

"மூக்கைக் கட்டிட்டா எது சுத்தமாச்சு, எது ஆகலைன்னு எப்படித் தெரியும்?" என்பாள்.

தெருவில் அவளுக்குப் பெயர் பிளீச்சிங். பிள்ளைகள் மட்டும் மரியாதையாக பிளீச்சிங் அக்கா என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவள். சலவையை வெளி ஆளிடம் ஒப்படைத்தபோது கூடத்தில் இருந்தவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் அழுதார்கள். இவள் கழித்துப்போட்ட தொட்டிகளைக் கேட்டு வாங்கி, வண்டியில் ஏற்றி, தன் வீட்டுக்குப் பின்னால் இறக்கினாள். புருஷன் அதற்கு முன்பே இன்னொருத்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். "அவன் சட்டைக் காலரைத் தேய்க்கிற வேலை மிச்சம்" என்று அந்த விஷயத்தை முடித்துக்கொண்டாள். மகள் எப்போதாவது வந்து, வாசலில் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டுப் போவாள். மாப்பிள்ளைக்கு வாடை ஒத்துக்கொள்ளாதாம். அந்த மகள் படித்து உத்தியோகத்துக்குப் போனதே இந்த வாடையில்தான்.

நான் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் போட்டே பிழைத்தவள். போன வீடுகளில் எல்லாம் துணிக்கு அவளைத்தான் கைகாட்டினேன். முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகு, அவள் துவைக்கும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்டுத்துணி மடித்துக் கொடுப்பேன். தெருவில் எங்கள் இருவரையும் யாரும் வீட்டுக்குள் வந்து உட்காரச் சொன்னதில்லை. அவசரம் என்றால் மட்டும் கொல்லைக் கதவு திறக்கும்.

அடுத்த வீட்டில் ஒரு மனைத் தரகர். புரோக்கர் என்றால் முகம் சுளிப்பார். நில ஆலோசகர் என்று சொல்ல வேண்டும். வயலை வயல் என்று சொல்லமாட்டார், வேளாண் பயன்பாட்டு மண்டலம் என்பார். சேறு நிற்கும் பள்ளம் அவர் வாயில் எதிர்கால வளர்ச்சிப் பகுதி. அவருடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து, வீட்டின் பக்கவாட்டில் இருந்த சின்ன அறையில் கிடந்தாள். அனுமதி வாங்கிய வரைபடத்தில் அந்த அறைக்குப் பெயர் பொருள் வைப்பறை. அவளுடைய விரிப்புகளும் பிளீச்சிங்கிடம்தான் வந்துகொண்டிருந்தன.

பிறகு அவர் வீட்டை விற்க நினைத்தார். வாங்க வந்தவர்கள் மாடியில் நின்று கீழே பார்த்தார்கள். கொடி கொடியாக விரிப்புகள். யாருடையவை என்று கேட்டார்கள். கேட்டதும் கிளம்பிவிட்டார்கள். இரண்டாவது ஆளும் அப்படியே. அதோடு அம்மாவின் துணி எங்களிடம் வருவது நின்றது. நகரமைப்பு அலுவலகத்துக்குப் புகார் போனது: முதன்மைக் குடியிருப்பு மண்டலத்தில் அருவருப்பூட்டும் தொழில் நடக்கிறது.

சீழ், மலம், வாந்தி, எல்லாவற்றிலும் கை வைத்தவள் நான். எதுவும் என்னைக் குமட்டியதில்லை. எங்களுக்கு வந்த புகாரின் நகலில், கீழே தெருக்காரர்கள் போட்டிருந்த கையெழுத்துகளைப் பார்த்தபோது குமட்டியது. போட்டவர்களில் பாதிப் பேரின் வீட்டுத் துணி அன்றைக்கு எங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

ஆய்வாளர் ஒரு முற்பகலில் ஜீப்பில் வந்தார். கெட்டவர் இல்லை. மூக்குச் சிவந்து, கைக்குட்டையும் கையுமாக இருந்தார். தொட்டிகளைச் சுற்றி வந்து, கையுறையைக் கழற்றாமல் நின்ற பிளீச்சிங்கிடம் விளக்கினார்.

"உங்க வீட்டுல நீங்களே துவைச்சா அது வீட்டுத் தொழில்மா. அதுக்குத் தடை இல்லை. ஆனா சத்தமோ புகையோ வாடையோ உங்க மனையோட எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினா அருவருப்பூட்டும் தொழில்னு அட்டவணையில போயிடும்."

"அட்டவணையில வேற யாரெல்லாம் இருக்காங்க?"

"எலும்பு காய்ச்சறது, குடல் கழுவறது, பச்சைத் தோல் பதப்படுத்தறது..."

"நல்ல சொந்தம்தான். சரி, அதுல போனா?"

"மூடணும்மா. குடியிருப்புல அதுக்கு இடமே கிடையாது. தொழிற்பேட்டைக்குத்தான் போகணும்."

தொழிற்பேட்டை ஊருக்கு வெளியே. மூத்திரம் சொட்டும் துணியை அவ்வளவு தூரம் யாரும் தூக்கிப் போகமாட்டார்கள். மூடச் சொல்லி எழுதினால் அவள் பிழைப்பு அன்றோடு சரி. அவளுக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும்.

"வாடையை எதை வச்சு தம்பி அளப்பீங்க?" என்று நான் கேட்டேன்.

"எல்லையில நின்னு முகர்ந்து பாக்கணும்."

"மெஷின் எதுவும் இல்லையா?"

"மூக்குதான்மா மெஷின். அதுவும் இன்னைக்கு லீவு." தும்மினார். பிறகு ஜீப்பைப் பார்த்து, "டிரைவர், இங்கே வாங்க. சுவரோரமா ஒரு சுத்து நடந்து என்ன வாடை வருதுன்னு சொல்லுங்க" என்றார்.

டிரைவர் ஒல்லியான மனிதர். இப்படி ஒரு வேலை தனக்கு வரும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோரமாக மூக்கை நீட்டி நடந்தார்.

"இங்கே பிளீச்சிங் பவுடர், சார். இங்கே சோப்பு. இங்கே ஒண்ணுமில்லை, காஞ்ச துணி."

புரோக்கரின் பக்கத்துச் சுவருக்கு வந்ததும் நின்றார். ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

"சார்."

"என்ன?"

"செத்த எலி மாதிரி சார். ஆனா எலி இல்லை." சுவருக்கு அப்பால் திறந்திருந்த சின்ன ஜன்னலை மோவாயால் காட்டினார்.

புரோக்கர் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். "நான் சொன்னேன்ல சார். எல்லையிலேயே நிக்குது பாருங்க."

"தம்பி, அது துணியில வர்றது இல்லை. படுக்கைப் புண்" என்றேன். "அந்த ஜன்னலுக்குள்ள இவரோட அம்மா கிடக்காங்க. புரட்டிப் போட ஆளில்லை."

ஆய்வாளர் ஜன்னலைப் பார்த்தார். புரோக்கருக்குக் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"வயசானவங்க வீட்டுல இருக்கறது குடியிருப்புப் பயன்பாடு சார். அது எந்த அட்டவணையிலயும் வராது. உங்களுக்கே தெரியும்."

ஆய்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவர் சொல்றது சரிதாம்மா. வீட்டுல மனுஷங்க இருக்கறதால வர்ற வாடைக்கு விதி இல்லை. தொழில் நடக்கற மனையோட எல்லையில வாடை இருக்கா இல்லையான்னுதான் கேட்டிருக்கு. எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு கேக்கலை."

"அப்புறம் நான் எதுக்கு சார் நடந்தேன்?" என்றார் டிரைவர்.

ஆய்வாளர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "இன்னைக்கு ஆய்வு முடியலைன்னு வச்சுக்கறேன். நாளைக் காலையில திரும்ப வரேன். அப்பவும் இந்த இடத்துல வாடை இருந்தா, மூடச் சொல்லித்தான் எழுத முடியும்" என்று பிளீச்சிங்கிடம் சொல்லிவிட்டுப் போனார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். நல்லவர்களால் எப்போதும் அவ்வளவுதான் முடிகிறது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அது பொருள் வைப்பறை. ஆளைப் படுக்கவைக்க அனுமதி இல்லாத ரூம். நாமளும் ஒரு புகார் கொடுப்போம்" என்றேன்.

"கொடுத்தா ரூமைக் காலி பண்ணச் சொல்வாங்க. எதைக் காலி பண்ணுவான்னு யோசிச்சீங்களா? பெயின்ட் டப்பாவையா, கிழவியையா?"

"ஜன்னலையாவது சாத்தச் சொல்லலாம்ல."

"நேத்து வரைக்கும் ஒரு கதவு சாத்தித்தான் இருந்துச்சு. இப்போ பாருங்க."

பார்த்தேன். இரண்டு கதவும் விரியத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பெற்றவளின் புண் நாற்றத்தைச் சுவர் தாண்டி அனுப்புவதற்காக ஒருவன் கயிறு தேடி எடுத்துக் கட்டியிருக்கிறான். வாயில் எச்சில் ஊறியது. துப்பினேன்.

பிளீச்சிங் கையுறையைக் கழற்றி உதறினாள். "அப்போ கழுவ வேண்டியதுதான்."

"எதை?"

"கிழவியை. வாடை எங்கே இருக்கோ அங்கேதானே கழுவணும்."

"அவன் அம்மாவை நாம கழுவி, அவன் புகார்லேர்ந்து நாம தப்பிக்கணுமா? இது என்னடி நியாயம்?"

"நியாயத்தை நீங்க வச்சுக்கங்க அக்கா. எனக்குத் தொட்டி வேணும்."

மறுநாள் விடிந்ததும் போனோம். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர், கட்டுத்துணி, வெளுத்த விரிப்புகள், ரப்பர் ஷீட் எல்லாம் அவள் தூக்கிக்கொண்டாள். நான் கத்தரிக்கோலும் என் முழங்காலும். புரோக்கரின் மனைவி கதவைத் திறந்தாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த புரோக்கர் நுரை வாயோடு ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு உள்ளே வர்றீங்க? இது தனியார் மனை."

மனைவி திரும்பினாள். "உங்க அம்மாவை நீங்க கழுவுறீங்களா?"

அவர் பிரஷ்ஷைத் திரும்ப வாய்க்குள் வைத்துக்கொண்டார்.

"நான் குமட்டிக்கிட்டே சோறு ஊட்டறேன். அதுக்கு மேல என்னால ஆகலை. நீங்க கழுவலைன்னா வழி விடுங்க."

வழி விட்டார்.

அறையில் ஒரு பக்கம் பெயின்ட் டப்பாக்கள். இன்னொரு பக்கம் மனை விற்பனை விளம்பரத் தாள்கள், கட்டுக் கட்டாக. சுத்தமான காற்று, அமைதியான சூழல் என்று மேல் தாளில் பெரிய எழுத்து. நடுவில் கட்டில். கிழவி விழித்துத்தான் இருந்தாள்.

"யாரு?"

"பிளீச்சிங்."

"துணி எடுக்க வந்தியா?"

"ஆமா. உங்களையும் சேத்து."

"தாமதம்தான்" என்றாள் கிழவி.

ஒருக்களித்துப் படுக்கவைக்க மூன்றாவது ஆள் வேண்டும். மனைவி வெளியே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். புரோக்கரைக் கூப்பிட்டு, தோளிலும் இடுப்பிலும் கை வைத்துப் பிடிக்கச் சொன்னேன்.

"கண்ணை மூடிக்கலாம். கையை எடுக்கக் கூடாது."

முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலப் புண். ஓரம் கறுத்து, உள்ளே குழி. இதை ஒரு நாளில் யாரும் ஆற்ற முடியாது. டாக்டரைக் கூட்டி வந்து செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும் என்று மனைவியிடம் சத்தமாகச் சொன்னேன். அன்றைக்கு முடிந்ததைச் செய்தேன். கழுவினேன், துடைத்தேன், நனைத்த துணியைக் குழிக்குள் தளர்வாக வைத்துக் கட்டினேன். பிளீச்சிங் ஊறிப்போன மெத்தையை உருவிச் சுருட்டி வெளியே தள்ளினாள், ரப்பர் ஷீட்டும் விரிப்பும் போட்டாள், தரையைத் தேய்த்துக் கழுவினாள்.

"யாரு என்னைப் பிடிச்சிருக்கறது?" என்று கிழவி சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"உங்க பிள்ளை."

"அவனா. இறுக்கிப் பிடிக்கச் சொல்லு. விட்டுடுவான்."

புரோக்கர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். கடைவாயில் பற்பசை நுரை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

நாங்கள் கை கழுவும்போது ஜீப் வந்துவிட்டது. டிரைவர் இந்த முறை யாரும் சொல்லாமலே நடக்க ஆரம்பித்தார். அந்தச் சுவரோரம் நின்று ஒரு தரம், பிறகு இன்னொரு தரம், மூச்சை நன்றாக இழுத்தார்.

"சோப்பு சார். பிளீச்சிங் பவுடர். கொஞ்சமா புண்ணு வாடை, அதுவும் சுவர் மேல தலையை நீட்டினாத்தான்."

"தலையை நீட்டினா அது எல்லைக்கு அந்தப் பக்கம்" என்றார் ஆய்வாளர். நின்றபடியே எழுதினார். வீட்டுத் தொழில், அனுமதிக்கப்பட்டது. பிளீச்சிங் வாங்கிப் பார்த்து, அந்த மூன்று சொல்லையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஜீப் போன பிறகு புரோக்கர் சுவரருகே வந்தார். சட்டைக்கை இரண்டும் நனைந்திருந்தன. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நான் ஒரு நிமிடம் நினைத்தேன். இந்த வயதிலும் எனக்கு அவ்வளவு அறிவு.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டார்.

பிளீச்சிங் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். என்னைக் காட்டி, "இவங்க வந்து நின்னு சொல்லித் தருவாங்க. கழுவறது நீங்க" என்றாள். அப்படியே சுவருக்கு மேலாக ஒரு ஜோடி ரப்பர் கையுறையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளும்வரை கையை எடுக்கவில்லை.