பூவம்மாளின் கைகள்

"ஒரு கண்ணத்தான் கிள்ளணுமாக்கா?"

இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் சேர்ந்த புதிதில் ஏஞ்சலின் கேட்டாள். ஈரத்துணியில் சுற்றிய தாய் இறால் பூவம்மாளின் உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு போதும். ரெண்டையும் எடுத்தா செத்துப் பூடும்."

"கிள்ளலன்னா?"

"தொட்டில கெடந்தா லேசுல முட்ட வெக்காதுமே. முட்டைய அடக்கி வெக்கிறது அந்தக் கண்ணுக் காம்புலதான் கீதாம். எடுத்துட்டா லட்சக்கணக்குல வெச்சுத் தள்ளிடும்."

"எல்லாம் பொழச்சா கடல் தாங்குமா?"

"எங்க பொழைக்குது? தாய்க்கும் தகப்பனுக்கும் பதிலா ரெண்டு தேறினா பெரிசு. மீதி அத்தினியும் மீனுக்கு நாஷ்டா." பூவம்மாள் சிரித்தாள். "நமக்குத்தான் ஒண்ணு ஒண்ணா. அதான் பேஜாரு."

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே கடலோரத்தில் இருந்தது அந்த ஹேச்சரி. கண் கிள்ளுவது பூவம்மாளின் வேலை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் சூடேற்றிய இடுக்கியைத் தொடக்கூடாது என்று அவள் கட்டுப்பாடு வைத்திருந்தாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஏஞ்சலினும் மீறியதில்லை. அவளுடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே அசைவு நின்று போனது. இப்போது மறுபடி ஆறாம் மாதம்.

ரயில் தாமதமாகி பூவம்மாள் வராத ஒரு காலையில், சூப்பர்வைசர் மோகன்ராஜ் இடுக்கியை ஏஞ்சலினிடம் நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. இறால் தோல் உரிக்கிறதுக்குள்ள முடிக்கணும்."

மறுக்க வாய் வரவில்லை. கிள்ளினாள். கறுப்பு மணி ஒன்று துணியில் உருண்டது.

அதன்பிறகு பிள்ளை அசையவில்லை. தீனி வாளியை வைத்துவிட்டு வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். உள்ளே கல் கிடப்பதுபோல் இருந்தது.

"இன்னாமே, மூஞ்சி வெளுத்துக் கீது?" பூவம்மாள் வந்துவிட்டிருந்தாள்.

"அசையலக்கா. இடுக்கியத் தொட்டுட்டேன்."

வயிற்றைத் தொட வந்த பூவம்மாளின் கை பாதியில் நின்றது. சட்டென்று அதை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பூவம்மாள் ஆட்டோவுக்கு ஓடினாள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஏஞ்சலின் மூச்சை அடக்கி உள்ளே கவனித்துக்கொண்டிருந்தாள். வயல்கள் தொடங்கும் இடத்தில், விலாவுக்குக் கீழே ஒரு உதை.

"ஒதச்சிடுச்சுக்கா!"

பூவம்மாள் சிரிக்கவில்லை. வெளியே பார்த்தபடி சொன்னாள்: "எனக்கு மூணு தங்கல. மூணு தபாவும் இந்த வேலதான் செஞ்சிகினு இருந்தேன். டாக்டரு அதனால இல்லன்னாரு. எனக்கு மனசு கேக்கல."

ஏஞ்சலின் நீட்டிய கையைப் பூவம்மாள் விலக்கினாள்.

"பொறந்ததும் எல்லார் கைலயும் குடுப்ப. எங்கைல மட்டும் குடுக்காதமே. நானே கைய நீட்டிக்கினு வந்து நின்னாலும் குடுக்காத."