ஷிப்ட் விட்டதும் செய்தி படித்த ஊர்

பாப்பா, தம்பி, நீங்கள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டீர்கள். வீட்டில் யாராவது போனில் ஒரு படத்தைக் காட்ட வந்தால், "அப்பாகிட்ட காட்டாத, எத்தன பேர் பாத்தாங்கன்னு கேப்பாரு" என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கேள்வி என் வாயில் எப்படி வந்து ஒட்டியது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் அம்மாவுக்குப் பாதி தெரியும். மீதியைச் சொல்லாமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். எழுத்தில் சொன்னால் நடுவில் குறுக்குக் கேள்வி வராது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

பாப்பா ஆறாவதும் தம்பி இரண்டாவதும் படித்த வருஷம் அது. டச் போன் அப்போதுதான் கம்பெனி பஸ்ஸுக்குள் ஏற ஆரம்பித்திருந்தது. நான் பல்கலைக்கழகத்தின் தபால் வழிப் படிப்பு மையத்தில் கான்ட்ராக்ட் உதவியாளர். நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்க நினைக்கிறவர்கள் வருகிற இடம். சனி, ஞாயிறு வகுப்பு இருக்கும், திங்கட்கிழமை லீவு. மாணவர்கள் வந்து பார்க்கப் பன்னிரண்டு கம்ப்யூட்டர். காலையில் போனதும் அவற்றின் மேல் படிந்த கரித்தூளைத் துடைப்பது என் முதல் வேலை. நான் படித்தது பத்தாவது, கூடவே தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர். இதை வைத்துக்கொண்டு என்னைக் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

மையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் இருந்தார். வகுப்பு இல்லாத நாட்களில் பல்கலைக்கழக இணையதளத்தின் தமிழ்ச் செய்திப் பக்கத்துக்கு எழுதுவதும் அவர் வேலை. உண்மையில் அந்தப் பக்கத்துக்காகத்தான் அவரை முழுநேரமாக வைத்திருந்தார்கள். அவர் வீட்டுக்காரரும் மைன்ஸில் கான்ட்ராக்ட். ஒரே வீட்டில் இரண்டு கான்ட்ராக்ட் என்றால் நம் டவுன்ஷிப்பில் யாருக்கும் அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

ஜூன் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இணையதளத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள், பத்திரிகையில் நம் செய்தி எவ்வளவு வருகிறது, முகநூலில் எத்தனை லைக் என்று மூன்றையும் மாதாமாதம் எண்ணி அனுப்பச் சொன்னார்கள். வருஷக் கடைசியில் அந்தக் கணக்கைப் பார்த்துத் தமிழ்ப் பக்கம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கமிட்டி முடிவு செய்யுமாம். வேண்டாம் என்றால் டீச்சருக்குச் சனி, ஞாயிறு வகுப்பு மட்டும்தான் மிஞ்சும். கடிதத்தைப் படித்ததும் மற்றவர்களுக்கெல்லாம் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. எண்ணும் வேலை என் மேஜையில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, நீங்க எண்ணுறதுலதான் எம் பொழப்பு இருக்கு" என்றார் டீச்சர், சிரித்துக்கொண்டே. கண் சிரிக்கவில்லை.

"எண்ணுறது ஒரு வேலையா டீச்சர்? நான் பாத்துக்கிறேன், போங்க" என்றேன்.

முதலில் பத்திரிகை. செய்தியை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. பாப்பாவின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துப்போனேன். ஒரு வாரம் அதைக் காணவில்லை என்று நீ அழுது, தம்பி அடி வாங்கினான். தம்பி, மன்னித்துக்கொள். அளந்ததில் என் கை கொஞ்சம் தாராளம். நம் செய்திக்குக் கீழே இருந்த பிரஷர் குக்கர் விளம்பரத்தையும் ஒரு மாதம் சேர்த்தே அளந்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு பேப்பரை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா என்று மார்க்கெட் டீக்கடையில் போய் நோட்டுடன் உட்கார்ந்தேன். அங்கே பேப்பரைத் தனித்தனித் தாளாகப் பிரித்துப் படிப்பார்கள். யார் கையில் நம் செய்தி உள்ள தாள் போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கோடு போட்டேன். கடைக்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா சார் எழுதிக்கினே கீறீங்க?"

"நம்ம செய்தியப் படிக்கிறவங்கள எண்ணிக்கினு இருக்கேன்."

"நேத்து அந்தத் தாள்லதான் பத்துப் பேருக்குப் போண்டா மடிச்சிக் குடுத்தேன். அதயும் போட்டுக்கோங்க."

போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன்.

அடுத்தது லைக். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஒவ்வொருவர் போனையும் வாங்கி நம் முகநூல் பக்கத்துக்கு நானே லைக் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். ஞாயிறு காலைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலிலும் இதே வேலை. "என்னப்பா, காணிக்கை உண்டியலுக்குப் பக்கத்துல நீ தனியா ஒரு வசூல் நடத்துறியாமே" என்று பங்குச் சாமியார் கேட்டார். அவர் போனையும் வாங்கி ஒரு லைக் போட்டேன். இரண்டாம் மாதம் பார்த்தால் லைக் ஏறவில்லை, இறங்கியிருந்தது. எனக்குப் புரியவே இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் குறிஞ்சிப்பாடிக்காரர்தான் கண்டுபிடித்தார். கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்ப்பவர், நம் மையத்து மாணவரும்கூட.

"சார், போன மாசமே எனக்குப் போட்டீங்களே. இப்ப மறுக்கா அழுத்துறீங்க."

"ரெண்டு தடவ போட்டா ரெண்டு தானே?"

"ரெண்டாந்தடவ அழுத்துனா அழிஞ்சிபூடும் சார். லைட்டு சுச்சு மாரி."

ஆக, இரண்டாம் மாதம் முழுக்க பஸ் பஸ்ஸாக ஏறி, முதல் மாதம் போட்டதையெல்லாம் நானே அணைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சாமியாரையும் சேர்த்து.

இவ்வளவு அடிபட்டும் என்னைத் தலைநிமிர வைத்தது இணையதளம்தான். பக்கத்தின் அடியில் எத்தனை முறை திறந்தார்கள் என்று காட்டும் ஓர் எண் இருக்கும். அது கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. நான் காலையிலும் மதியமும் சாயங்காலமும் குறித்துவைத்தேன். மதிய ஷிப்ட் மாறிய ஒரு மணி நேரத்துக்குள் எண் குதிக்கிறது. நெய்வேலி மக்கள் ஷிப்ட் விட்டதும் கைகால் கழுவி, சாப்பிட்டு, நேராக நம் தமிழ்ச் செய்தியைப் படிக்க உட்காருகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. கிராப் தாள் வாங்கி, ஷிப்ட் நேரங்களைச் சிவப்பிலும் வாசகர்களை நீலத்திலும் வரைந்து, அடியில் 'இத்தொழில் நகரத்தின் வாசிப்புப் பழக்கம்' என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். தலைமை அலுவலகத்தில் இந்தக் கணக்குகளைப் பார்க்கும் மேடம் போன் செய்து பாராட்டினார். எல்லா மையங்களிலும் நாம்தான் முதலிடமாம். டீச்சர் வீட்டிலிருந்து கேசரி செய்து கொண்டுவந்தார். நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபரில் அதே மேடம் மறுபடி கூப்பிட்டார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். உங்க ஊர்ல பக்கத்தத் திறக்கிறவங்க மூணு செகண்டுகூட நிக்கிறதில்லையே."

"ஷிப்ட் விட்டு வர்றவங்க மேடம். அவசரத்துல இருப்பாங்க."

"சரி. திங்கக்கிழமைல ஒருத்தர்கூட வர்றதில்ல. திங்கக்கிழமை உங்க ஊர்ல சுரங்கம் லீவா?"

ரிசீவரைப் பிடித்தபடி சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். சுரங்கத்துக்கு எந்தக் கிழமையும் லீவு கிடையாது. திங்கட்கிழமை லீவு விடும் இடம் ஊரிலேயே ஒன்றுதான். அதன் சாவி என் இடுப்பில் தொங்கியது.

விஷயம் இதுதான். ஜூனில் கடிதம் வந்த மறுநாளே நான் ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன். பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் இன்டர்நெட்டைத் திறந்தால் முதலில் நம் தமிழ்ப் பக்கம் வந்து நிற்கும்படி மாற்றிவைத்தேன். வருகிறவர்கள் கண்ணில் நம் செய்தி முதலில் படட்டுமே என்றுதான். யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. அதற்கு வேண்டிய அறிவும் இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அடியில் அந்த எண் ஒன்று ஏறும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மதியம் ஷிப்ட் முடிந்து குறிஞ்சிப்பாடிக்காரர் வந்து உட்கார்ந்தார். பின்னால் போய் நின்றேன். நம் பக்கம் வந்தது. அவர் அதன் தலைமேலேயே வேறு முகவரியை அடித்து, ரயில் டிக்கெட்டுக்குப் போய்விட்டார்.

"மொதல்ல ஒரு செய்தி வந்துச்சே, பாத்தீங்களா?"

"இன்னா செய்தி சார்? அது பாட்டுக்கு வருது. நாம பாட்டுக்குத் தாண்டிப் போய்க்கினு கீறோம்."

நான் கிராப் போட்டுக் காட்டிய வாசிப்புப் பழக்கம் அவ்வளவுதான். ஷிப்ட் விட்டதும் பன்னிரண்டு நாற்காலியில் ரயில் டிக்கெட்டும் ஹால் டிக்கெட்டும் கிரிக்கெட் ஸ்கோரும் பார்த்திருக்கிறார்கள்.

பன்னிரண்டையும் பழையபடி மாற்றினேன். நடந்ததை ஒளிக்காமல் ஒரு கடிதமாக டைப் செய்து அனுப்பினேன். நவம்பர் முழுக்கத் திரும்ப எண்ணினேன். மேடம் போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததில், யார் எவ்வளவு நேரம் படிக்கிறார்கள் என்று எனக்குப் பார்க்கத் தெரிந்தது. அந்த மாதம் வந்தவர்கள் எல்லாரையும் ஒரு கம்பெனி பஸ்ஸில் உட்காரவைத்துவிடலாம். நிற்க ஆள் இருக்காது. ஆனால் வந்தவர்கள் நின்று படித்தார்கள். ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர், வளைகுடாவிலிருந்து இரண்டு பேர், வாராவாரம் வந்தார்கள். இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும் என்று அடிக்கோடு போட்டு அனுப்பினேன்.

மேடம் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் நம்புறேன் சார். ஆனா கமிட்டில கேக்குறாங்க. அன்னிக்கு அவ்வளவுன்னு எழுதினதும் நீங்கதான், இன்னிக்கு இவ்வளவுன்னு எழுதுறதும் நீங்கதான். அஞ்சு நிமிஷம் படிக்கிறாங்கன்னு நீங்க சொல்றத எத வச்சி நம்புறதுன்னு கேக்குறாங்க."

முதலிலேயே அந்தச் சின்ன எண்ணை அனுப்பியிருந்தால், அதைக் கொஞ்சம் மதித்திருப்பார்களோ என்னவோ. பெரிய எண் வந்து சின்ன எண்ணையும் பொய்யாக்கிவிட்டது. டிசம்பரோடு தமிழ்ப் பக்கத்துக்குப் புதுச் செய்தி வேண்டாம் என்று முடிவாயிற்று. பழையவை அப்படியே கிடக்கும்.

டீச்சரிடம் நானே போய்ச் சொன்னேன். ஷிப்ட் கணக்கு, கிராப், பன்னிரண்டு கம்ப்யூட்டர், எல்லாம். அவர் திட்டியிருந்தால் நான் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பேன்.

"நெசமா எத்தன பேர்ண்ணே படிச்சாங்க?"

"நாப்பது சொச்சம்."

"நாப்பதா? நான் பத்துப் பேர் இருப்பாங்கன்னுல்ல நெனச்சிக்கிட்டு எழுதுனேன்." மேஜையில் இருந்ததைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார்: "உங்களுக்கு எது பிடிச்சிதுண்ணே?"

"எல்லாந்தான் டீச்சர்."

"அதுல ஒண்ணு சொல்லுங்களேன்."

நான் தலையைச் சொறிந்தேன். "அந்த... பரீட்சத் தேதி போட்டிருந்தீங்களே. ரொம்பத் தெளிவா இருந்துச்சி."

"அது நான் எழுதுனது இல்லண்ணே. தலைமை ஆபீஸ்லேந்து அனுப்புற நோட்டீஸ்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது ஒன்றும் மனதில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாகத்தான் நடந்தார்.

ஆறு மாதம். எண்ணினேன், அளந்தேன், கோடு போட்டேன், சாமியார் போனில் விரல் வைத்தேன். ஒரு செய்தியை, ஒரே ஒரு செய்தியை, நான் உட்கார்ந்து படித்திருக்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் போனபின் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் அணைக்காமல் விட்டேன். ஜூன் மாதத்து முதல் செய்தியைத் திறந்தேன். நிலக்கரி தோண்டும் ராட்சத மெஷினில் வேலை பார்க்கும் ஒருவர், நாற்பத்தெட்டு வயதில், தன் மகளோடு ஒரே ஹாலில் உட்கார்ந்து பரீட்சை எழுதியதைப் பற்றி டீச்சர் எழுதியிருந்தார். மகள் முன்னாலேயே முடித்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறாள். மணி அடிக்கிறது. அப்பா வருகிறார். எப்படி எழுதினாய் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கேன்டீனில் தோசை சாப்பிடப் போகிறார்கள். அவ்வளவுதான் செய்தி. இது நடந்தது நம் மையத்தில்தான். அந்த மணியை அடித்தவன் நான். இவர்கள் என் கண்ணில் படவே இல்லை.

செய்திக்கு அடியில், படித்தவர்கள் எழுத ஒரு கட்டம் இருந்தது. யாரும் எழுதியிருக்கவில்லை. நான் டைப்ரைட்டிங் கிளாஸில் உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, பத்து விரலாலும் அடித்தேன்: "படித்தேன் டீச்சர். அந்த அப்பா பாஸ் பண்ணினாரா?"

ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, அனுப்பு என்று இருந்ததை அழுத்தினேன்.